வெஸ்பெரின் வயிற்றுக்குள்

கூடத்தின் பெரிய கதவைத் தள்ளித் திறந்ததுமே அன்செல்ம் ஃபோவார் நின்றுவிட்டான். பலூன் தளரவில்லை.

நேற்று சாயங்காலம் அவனும் பார்னபேயும் விசிறி யந்திரத்தின் கைப்பிடியை மாற்றி மாற்றிச் சுற்றி, தோள்பட்டை கழன்று விழாத குறையாக, வெறும் காற்றைத்தான் அதற்குள் ஏற்றியிருந்தார்கள். எந்தப் பலூனும் ஒரு ராத்திரிக்குக் கொஞ்சமாவது வற்றும். தையல் ஊசி போன தடம் வழியாக, மடிப்பில் வெடித்த வார்னிஷ் வழியாக, கண்ணுக்குத் தெரியாமல் காற்று கசிந்துகொண்டே இருக்கும். காலையில் வந்து பார்த்தால் பக்கவாட்டில் துணி தொய்ந்து தொங்கும். எவ்வளவு தொய்ந்திருக்கிறது என்று பார்த்துத்தான் எவ்வளவு வேலை இருக்கிறது என்று முடிவு செய்வார்கள். அதிலும் இந்த வெஸ்பெர் புதுப் பலூன் அல்ல. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வானத்திலிருந்து விழுந்து, உழுத நிலத்திலும் முள்வேலியிலும் தறிகெட்டு இழுபட்டு, உடம்பெல்லாம் ஒட்டுப் போட்ட பலூன். அது இப்போது நேற்று விட்டுப்போனதைவிடப் பெரிதாக, கூரையின் மரச்சட்டங்களை முட்டிக்கொண்டு நின்றது.

உள்ளங்கையை அதன்மேல் வைத்துப் பார்த்தான். முரசுத் தோல் மாதிரி இறுக்கம். அதோடு சில்லென்றும் இருந்தது. உயரச் சன்னல்கள் வழியாக ஏப்ரல் வெயில் விடிந்ததிலிருந்து அந்தப் பக்கத்தில்தான் விழுந்துகொண்டிருந்தது. துணி வெதுவெதுப்பாக இருந்திருக்க வேண்டும்.

ஆர்லேயான் ஊருக்கு வெளியே, போருக்கு முன் குதிரைப்படை அதிகாரிகள் சவாரி பழகிய கூடம் அது. பிரஷ்யப் படை வந்துபோனபின் குதிரையும் இல்லை, சவாரியும் இல்லை. தரையில் பரப்பிய மரப்பட்டைத் தூளும், அதில் ஊறிப்போன குதிரை மூத்திர வாடையும்தான் மிச்சம். வார்னிஷின் ஆளிவிதை எண்ணெய் வாடை அதோடு சேர்ந்துகொண்டு புதிதாக வருகிறவனை வாசலிலேயே இரும வைக்கும். அன்செல்முக்கு அது பழகிய வாடை. காது போனபிறகு மூக்குதான் அவனுக்கு வீட்டு நாய் மாதிரி முதலில் செய்தி சொல்லும். இன்று அந்த வாடைக்கு அடியில் இன்னொன்று இருந்தது. மெல்லியது. பனி பெய்யப்போகிற காலையில் வெறும் காற்றுக்கே ஒரு வாசனை இருக்குமே, அது.

பார்னபே ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தான். பிரெத்தாஞ் கடற்கரைக்காரன், பாய்மரக் கப்பலில் கயிறு கட்டி வயசான ஆள். பலூனைப் பார்த்து ஏதோ பெருமையாகச் சொன்னான். என்ன சொன்னான் என்பது அவன் மீசைக்குத்தான் தெரியும். துடைப்பம் மாதிரித் தொங்கிய அந்த மீசைக்குக் கீழே உதடு என்று ஒன்று இருப்பதை அன்செல்ம் பார்த்ததே இல்லை.

"என்ன சொல்றான்?" என்று மனைவியைக் கேட்டான்.

காப்பிக் கிண்ணத்தோடு வந்த ஒக்தாவி, கையைத் தாழ்த்திக் காட்டினாள். கத்தாதே என்று அர்த்தம். பிறகு அவன் முகத்துக்கு நேராக நின்று உதட்டை நன்றாக அசைத்துச் சொன்னாள். "என் வார்னிஷைப் பாருங்க, பொட்டுக் காத்து போகலைன்னு பீத்திக்கிறான். அந்த மீசைய மழிச்சுத் தொலைடான்னா மட்டும் கேக்க மாட்டேங்கிறான்."

"இவ்வளவு ஒட்டுப் போட்ட துணி காத்தைப் பிடிச்சு வைக்காது, ஒக்தாவி."

"வச்சா நல்லதுதானே? ஞாயித்துக்கிழமை அதுல தொங்கப்போறது நாமதானே."

அதைத்தான் அவனால் விழுங்க முடியவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், விழுந்த அன்று, வெஸ்பெரில் போனவர்கள் மூன்று பேர். அன்செல்ம் ரசாயனம் படித்தவன். லுசியான் கடற்படை அதிகாரி. ப்ரொஸ்பேர் வானிலைக் கருவிகள் செய்கிறவன். மிக உயரத்தில் காற்றில் என்னதான் இருக்கிறது என்று அளந்துவர ஆசைப்பட்டுப் போனார்கள். பிராணவாயு நிரப்பிய பைகள் தலைக்கு மேலேயே தொங்கின; குழாயை எட்டிப் பிடித்து வாயில் வைக்க வேண்டியதுதான். யாரும் வைக்கவில்லை. ஏன் வைக்கவில்லை என்று பத்திரிகைக்காரர்கள் மாய்ந்து மாய்ந்து கேட்டார்கள். அன்செல்ம் எத்தனையோ தடவை சொல்லியும் ஒருவருக்கும் புரியவில்லை. அந்த உயரம் கழுத்தை நெரிக்காது. வலிக்காது. சந்தோஷமாக இருக்கும். கல்யாண வீட்டில் இரண்டு கோப்பை உள்ளே போன மாதிரி, எல்லார்மேலும் அன்பு பொங்கும். கை மட்டும் தூக்க வராது, அதைப் பற்றிக் கவலையும் வராது. அவன் கண் விழித்தபோது பலூன் விழுந்துகொண்டிருந்தது, காதிலிருந்து ரத்தம் வழிந்து சட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. எதிரே நண்பர்கள் இருவரும் தோளோடு தோள் சாய்ந்து, கறுத்த முகத்தில் சிரித்தபடி செத்திருந்தார்கள்.

இப்போது பாரீசில் ஒரு விஞ்ஞானச் சபை மறுபடி போகச் சொல்லிக் கேட்டிருந்தது. இந்தத் தடவை அவ்வளவு உயரம் வேண்டாம். ஆனால் செவிடன் ஒருவன் தனியாகப் போக முடியாது. வால்வு கசிகிற ஓசை கேட்காது, கீழேயிருந்து கத்தினால் கேட்காது. "உன் காதா நான் வரேன்" என்று ஒக்தாவி சொல்லிவிட்டாள். சொன்னால் சொன்னதுதான் அவள். ஆகவே இந்தத் துணி நல்ல துணியா என்பது அன்செல்முக்கு வெறும் வேலை அல்ல. அவள் உயிர் அதில் தொங்கியது.

பலூனைச் சோதிப்பது உள்ளே போய்த்தான். கழுத்து என்று சொல்லும் துணிக் குழாயை அவிழ்த்து, பூட்சைக் கழற்றிவிட்டு, கம்பளிக் காலுறையோடு ஊர்ந்து போக வேண்டும். போனதும் வெளியே இருக்கிறவன் காற்று போகாமல் கழுத்தைத் துணிநாடாவால் கட்டிவிடுவான். இடுப்பில் ஒரு கயிறு, அதன் மறுமுனை வெளியே. உள்ளேயிருந்து ஒரு தடவை நீளமாக இழுத்தால் நலமாக இருக்கிறேன் என்று அர்த்தம். படபடவென்று இழுத்தால் என்னை வெளியே எடு என்று அர்த்தம். உள்ளே மஞ்சள் இருட்டு. சன்னல் வெளிச்சம் துணியில் வடிந்து, தேன் ஜாடிக்குள் நிற்பது போல இருக்கும். எங்கே துளையோ அங்கே ஒரு வெள்ளைப் பொட்டு மின்னும். அதில் விரல் நுனியை வைத்து அழுத்தி, சாக்குக்கட்டியால் வட்டம் போட வேண்டும். வெளியே ஏணிமேல் நிற்கிறவன் துணியில் எழும்பிய அந்த மேட்டைப் பார்த்து, தன் கட்டை விரலால் ஒரு தடவை திருப்பி அழுத்துவான். பார்த்துவிட்டேன், எடு, ஒட்டுகிறேன் என்று பொருள். மெல்லிய துணிக்கு இரண்டு பக்கமும் இரண்டு விரல். பேச்சே தேவைப்படாத வேலை. செவிடனுக்கு ஏற்ற வேலை என்று பார்னபே சொல்லியிருக்கக்கூடும், மீசைக்குள்.

முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. பொட்டு, விரல், பதில் விரல். பார்னபேயின் கட்டை விரல் அகலமானது, பழகிய சூடு கொண்டது. அன்செல்ம் சுற்றிச் சுற்றி வந்தான். காலடியில் துணி பட்டைத் தூள்மேல் மெத்தென்று அமுங்கியது. கூரையை முட்டும் உச்சி எங்கோ மஞ்சளுக்குள் மங்கிக் கிடந்தது. வேலையில் மனம் தோய்ந்துவிட்டால் அவனுக்கு நேரம் தெரியாது. தேவாலய மணியும் கேட்காது.

எப்போது விரல் மாறியது என்று அவனால் சொல்ல முடியாது. ஒரு பொட்டின்மேல் நுனிவிரலை வைத்தபோது பதில் வந்தது. வந்த விரல் ஒல்லியாக இருந்தது. சில்லென்று இருந்தது. ஒரு தடவை அழுத்திவிட்டு விலகாமல், அப்படியே வைத்திருந்தது.

அவன்தான் விரலை எடுத்துக்கொண்டான்.

ஒக்தாவி ஏணியில் ஏறியிருக்கிறாள் போல என்று நினைத்துக்கொண்டான். விளையாட்டுக்காரி. அடுத்த பொட்டுக்குப் போனான். அங்கே அவன் விரல் வைப்பதற்கு முன்பே துணி உள்பக்கம் புடைத்திருந்தது. பொட்டை மறைத்துக்கொண்டு ஒரு விரல் அவனுக்காகக் காத்திருந்தது. அதற்கு அடுத்ததிலும் அப்படியே. இதற்கும் அதற்கும் இடையே ஆறேழு முழம் இருக்கும். ஏணியை அதற்குள் நகர்த்தியிருக்க முடியாது. இரண்டு பேர் நிற்கிறார்கள் என்றால் சரி. பார்னபேயும் ஒக்தாவியும். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று தன்னையே தேற்றிக்கொண்டு ஓர் அடி எடுத்து வைத்தான்.

உள்ளங்காலில் ஒரு விரல் அழுத்தியது.

கீழேயிருந்து. பட்டைத் தூளும் மண்ணும் மட்டுமே இருக்கிற இடத்திலிருந்து.

பயந்து துள்ளியிருக்க வேண்டும். துள்ளவில்லை. அதுதான் அவனைப் பிறகு நாள் முழுக்க உலுக்கியது. அவனுக்குச் சிரிப்பு வந்தது. தொண்டை அதிர்வதை உணர்ந்தான். ஏதோ பாட்டை முனகிக்கொண்டிருந்தான். மார்பு முழுக்க ஒரு வெதுவெதுப்பு. இந்த மஞ்சள் வெளிச்சம் எவ்வளவு அழகு, இவர்கள் எவ்வளவு நல்லவர்கள், ஏன் இத்தனை நாள் விலகி இருந்தோம். விலகி இருந்தது யாரிடமிருந்து என்று ஒரு சின்ன யோசனை ஓடியது. ஓடி மறைந்தது.

அவன் விஞ்ஞானி. படித்த புத்தி ஏதோ ஒரு மூலையில் இன்னும் விழித்திருந்தது. அது சொன்னது: நகத்தைப் பார்.

பார்த்தான். நீலம்.

எழுது என்றது புத்தி. சுயநினைவு இருக்கிறதா என்று சோதிக்க மருத்துவர்கள் சொல்லிக்கொடுத்த வழி. சாக்குக்கட்டியால் துணியில் மனைவியின் பெயரை எழுதினான். திருத்தமாக எழுதினோம் என்று திருப்தியாக இருந்தது. பார்த்தால் எழுத்தே இல்லை. ஒரே கோடு. மேல்நோக்கி, கை எட்டிய வரை.

கயிற்றை இழு. கை வரவில்லை. தோளிலிருந்து கீழே கை என்று ஒன்று தொங்கியது, அவ்வளவுதான். கவலையாகவும் இல்லை. முட்டி மடங்கியது. துணி மெல்ல ஏந்திக்கொண்டது.

இடுப்பில் கயிறு வெட்டி இழுத்தது. இழுத்துக்கொண்டே இருந்தது.

கழுத்து வழியாகப் பட்டைத் தூளில் வந்து விழுந்தபோது, ஒக்தாவி அவன் கன்னத்தில் அறைந்துகொண்டிருந்தாள். அவள் உதடு என்னென்னவோ வேகத்தில் அசைந்தது. மெல்ல மெல்லச் சொற்கள் பிடிபட்டன.

"...சூப்பு ஆறிப்போச்சு. மணி அடிச்சு எவ்வளவு நேரமாச்சு தெரியுமா? அங்க என்ன தூக்கம் உனக்கு? மூஞ்சியப் பாரு, சுண்ணாம்பு மாதிரி!"

"பார்னபே எங்கே?"

"மணி அடிச்சதும் வீட்டுக்குப் போயிட்டான். வேறென்ன செய்வான்?"

அந்த ஊரில் நண்பகல் மணி அடித்தால் ஓங்கிய சுத்தியல் பாதியிலேயே இறங்கிவிடும். ஆணி சாப்பாட்டுக்கு அப்புறம்தான். அதில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை.

"போறதுக்கு முன்னால கயித்த இழுத்துப் பாத்தானாம்" என்றாள். "நீ ஒரு தடவை நீளமா இழுத்தியாம். எசமான் வேலை மும்முரத்துல இருக்கார், நீங்களே கூட்டிட்டுப் போங்க மதாம்னு சொல்லிட்டுப் போனான்."

அன்செல்ம் கயிற்றைத் தொடவே இல்லை. எழுந்து, அவள் தோளைப் பிடித்துக்கொண்டு பலூனைச் சுற்றி வந்தான். ஏணி சுவரோரமாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. பார்னபே ஒட்டிய ஒட்டுகள் ஓரிடத்தோடு நின்றுபோயிருந்தன. அதற்கப்பால் புது ஒட்டு ஒன்றுகூட இல்லை. நகத்தைப் பார்த்தான், வழக்கமான சிவப்பு.

சாப்பாட்டு மேசையில் பூண்டுத்தாள் சூப்பும் ரொட்டியும் வைத்தாள். ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து வைத்துக்கொண்டு அவன் சாப்பிடாமல் இருந்தான். வாசலைப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். கூடத்தின் கூரை அங்கிருந்து தெரிந்தது. அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பது அவனுக்குச் சற்று நேரம் கழித்தே உறைத்தது. மறுபடி உள்ளே போக வேண்டும் போல இருந்தது. பசி மாதிரி. பயத்தைவிட அந்த ஆசைதான் அவனை நடுங்க வைத்தது.

"ஞாயித்துக்கிழமை வேணாம்" என்றான்.

"ஏன்?"

"துணி சரியில்லை."

"காலையில பொட்டுக் காத்து போகலைன்னு நீயே முழிச்சே. இப்ப சரியில்லையா?" ஒக்தாவி கரண்டியைக் கீழே வைத்தாள். "எனக்காகப் பயப்படறே. அதச் சொல்லேன், வாய் வலிக்குமா?"

"உனக்காகத்தான் பயப்படறேன்."

அவள் எதிர்பார்க்கவில்லை. அவன் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள், பேசுவது அவன் விரலுக்கும் தெரியட்டும் என்று. "இங்க பாரு. அன்னைக்கு வண்டியில மூணு பேரைக் கொண்டாந்து இறக்கினாங்க. போர்வைய ஒவ்வொண்ணா விலக்கி, எது என் புருஷன்னு பாத்தவ நான். இன்னொரு தடவை அப்படிக் கீழ நின்னு காத்திருக்க என்னால முடியாது. புருஷன் செத்தவ போடற கறுப்பு உடுப்பும் எனக்குப் பொருந்தாது. போனா சேந்து போவோம், வந்தா சேந்து வருவோம்."

இவளிடம் என்னவென்று சொல்வது? பலூனுக்குள் அவர்கள் இருக்கிறார்கள் என்றா? செத்தவர்கள் கயிற்றை இழுத்துப் பதில் சொல்கிறார்கள் என்றா? மூளை கெட்டுவிட்டது என்று நினைப்பாள். அதற்காகவே இன்னும் பிடிவாதமாகக் கூட வருவாள். சொல்லிப் பயனில்லை. துணி இருந்தால்தானே பயணம். அதைக் கழுத்திலிருந்து உச்சி வரை ஒட்டுப் போட முடியாதபடி கிழித்துப் போட்டுவிட வேண்டும். வெளியே நின்று, உள்ளே தலைகூட நீட்டாமல். இன்றைக்கே.

"சரி, நான் கூடத்துக்குப் போய் இன்னொரு தடவை பாத்துட்டு வரேன்" என்றான்.

அவளிடம் அவன் சொன்ன பொய் அது ஒன்றுதான். துணி வெட்டும் பெரிய கத்தரி, சாணை பிடிக்கச் சேணம் தைக்கிறவன் கடைக்குப் போயிருந்தது. அவள் பார்க்கும்படி கூடத்தின் முன்வாசல் வழியாக நுழைந்து பின்வாசல் வழியாக வெளியேறி, தோட்டச் சுவரோரமாக ஊருக்குள் நடந்தான். உள்ளே நடந்தபோது பலூன் பக்கம் திரும்பவில்லை. ஆனாலும் அந்தக் குளிர் கன்னத்தில் ஒரு பக்கமாகப் பட்டது; திறந்த சன்னலைக் கடந்துபோவது போல இருந்தது.

சேணக்காரன் சாவகாசமான ஆள். கத்தரியைத் தேடி எடுத்து, எண்ணெய் துடைத்து, தோல்துண்டில் வெட்டிக் காட்டி, வானத்துச் சமாசாரம் நாலு கேட்டுத்தான் கொடுத்தான். அவன் உதட்டை அன்செல்ம் படிக்கக்கூட இல்லை. திரும்பி வரும்போது வெயில் சாய்ந்துவிட்டது.

கூடத்தில் பார்னபே இருந்தான். கழுத்தருகே கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து, கயிற்றை முழங்காலில் போட்டுக்கொண்டு, வெற்றுப் புகைக்குழாயைக் கடித்துக்கொண்டிருந்தான். வார்னிஷ் இருக்கிற இடத்தில் பற்ற வைக்க மாட்டான். கழுத்து கட்டியிருந்தது. மத்தியானம் அன்செல்ம் அதைக் கட்டவில்லை.

காலடி கேட்டு பார்னபே திரும்பினான். அன்செல்மைப் பார்த்தான். கையிலிருந்த கயிற்றைப் பார்த்தான். மறுபடி அன்செல்மைப் பார்த்தான். புகைக்குழாய் வாயிலிருந்து விழுந்தது.

"என்ன?" என்றான் அன்செல்ம். "என்னடா?"

மீசை அசைந்தது. ஒன்றும் புரியவில்லை. பார்னபேக்கும் அது தெரியும். அன்செல்மைச் சுட்டினான், பிறகு பலூனைச் சுட்டினான்: நீங்கள் உள்ளே இருந்தீர்கள். கயிற்றைப் படபடவென்று உதறிக் காட்டினான்: கயிறு இப்படித் துடித்தது, இழுத்தும் வரவில்லை. பிறகு இரண்டு கையாலும் இடுப்பிலிருந்து கீழே அகலமாக ஒரு வடிவம் வரைந்தான்.

பாவாடை.

ஒக்தாவி. உள்ளே. உங்களைத் தேடி.

பார்னபே கயிற்றை எடுத்து, ஒரு தடவை, நீளமாக, இழுத்துக் காட்டினான். அதன்பிறகு இப்படி வந்தது. நலமாக இருக்கிறோம் என்று வந்தது. அதனால்தான் வாளிமேல் உட்கார்ந்திருந்தான்.

அன்செல்ம் கயிற்றைப் பிடுங்கி இழுத்தான். அது நாடாக் கட்டின் வழியே கனமில்லாமல் வந்தது. வந்துகொண்டே இருந்தது. அவர்களிடம் இருந்த கயிறு இவ்வளவு நீளம் இல்லை. காலடியில் சுருண்டு சுருண்டு விழுந்து, கடைசியில் முனை வந்தது. முனையில் வெண்பனி படிந்திருந்தது.

"ஒக்தாவி!"

எவ்வளவு சத்தமாகக் கத்தினோம் என்று அவனுக்குத் தெரியாது. பார்னபே காதைப் பொத்தினான்.

மேற்குச் சன்னலின் வெயில் பலூனின் அந்தப் பக்கத்திலிருந்து ஊடுருவிக்கொண்டிருந்தது. துணியில் நிழல் தெரிந்தது. ஒரு பெண்ணின் நிழல், பாவாடையைச் சற்றே தூக்கிப் பிடித்தபடி. நின்று யாருக்கோ தலையை ஆட்டியது. அதற்கு முன்னால் தாழ்வாக இன்னும் இரண்டு நிழல்கள், தோளோடு தோள். அவை விலகின.

நடுவில் இடம் விட்டன.

அவள் உட்கார்ந்தாள்.

கத்தரியைக் குத்தினான். துணி விட்டுக்கொடுத்தது. இரண்டு கையாலும் மேலிருந்து கீழே, முழங்கால் வரை, கிழித்தான். குளிர் முகத்தில் அடித்தது. மூச்சு நின்றது. வெள்ளைப் புகை தரையில் வழிந்து ஓடியது. பார்னபே பின்னால் தடுக்கி விழுந்தான். கிழிசலின் இரண்டு பக்கத்தையும் பிடித்து அகட்டி, அன்செல்ம் உள்ளே பார்த்தான்.

மஞ்சள் இல்லை. நீலம். கறுப்பாகப் போகிற நீலம்.

நாலைந்து அடி தூரத்தில்தான் அவள் இருந்தாள். புருவத்தில் பனி. உதடு நீலம். கன்னத்தில் கல்யாணத்தன்று இருந்த சிரிப்பு. இரண்டு பக்கமும் யாரும் இல்லை. ஆனால் துணி இரண்டு பக்கமும் குழிந்திருந்தது, ஆள் உட்கார்ந்தால் குழிகிற மாதிரி. அவள் இடப்பக்கம் திரும்பி ஏதோ சொன்னாள். வலப்பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

"ஒக்தாவி, கையக் குடு! கைய நீட்டு!"

கேட்டது போல அவள் நிமிர்ந்தாள். தேடினாள். நேர் எதிரே, கையெட்டும் தூரத்தில் அவன் நிற்க, அவள் கண் அங்கே வரவில்லை. தலை குனிந்து, ஏதோ ஒரு விளிம்பைப் பிடித்துக்கொண்டு எட்டி, கீழே பார்த்தாள். வெகு கீழே. கண்ணைச் சுருக்கி. பிறகு கண்டுபிடித்துவிட்டாள். அவனைத்தான். முகம் மலர்ந்தது.

அன்செல்ம் தோள் வரை கையை உள்ளே நுழைத்தான். விரலை நீட்டினான். எட்டவில்லை. இன்னும் நீட்டினான். பார்னபே அவன் இடுப்பைக் கட்டிப்பிடித்து வெளியே இழுத்தான். நாலைந்து அடி பத்தடி ஆகியிருந்தது. பத்தடி இருபது ஆனது. அவள் நகரவில்லை, அசையவில்லை. சிறிதானாள்.

ஒக்தாவி மார்புத்துணியிலிருந்து கைக்குட்டையை எடுத்தாள். பலூன் கூடையில் ஏறிப் போகிறவர்கள் எல்லாரும் செய்வதுதான். தரையில் நிற்பவர்களுக்கு, கண்ணுக்குத் தெரிகிற வரை ஆட்ட வேண்டும், அது மரியாதை. தரையில் நிற்பவர்களும் திருப்பி ஆட்ட வேண்டும்.

அவள் ஆட்டினாள். பொம்மை அளவு இருந்தாள். கட்டை விரல் அளவு. ஒரு வெள்ளைப் புள்ளி, இப்படியும் அப்படியும்.

உள்ளே நீட்டிய கை வழியாக அந்த வெதுவெதுப்பு அன்செல்மின் தோளுக்கு ஏறி, மார்புக்கு இறங்கியது. அவன் கத்தவில்லை. பின்னால் பார்னபே அழுதுகொண்டு அவனை இழுத்தான். அன்செல்ம் ஃபோவார் முகமெல்லாம் சிரிப்பாக, உள்ளே நீட்டிய கையை மனைவிக்கு ஆட்டிக்கொண்டிருந்தான்.